கல்லுக்குள் குடியேறிய செம்பு

பரிசளிப்பு விழா மலரில் இரசாயனக் கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்த உர மூட்டையில் தொடங்கி, உங்களுக்குத் தெரிந்த லோரிப் புகையில் முடிகிறது. நடுவில் கொஞ்ச தூரம் மட்டும் என்னோடு நடந்து வாருங்கள். வழியில் புரியாத பெயர்கள் வந்தால் பயப்பட வேண்டாம். ஒவ்வொன்றையும் விளக்கித்தான் சொல்லப் போகிறேன்.

உரம் போடும் வேலைக்குப் போய் வந்தவர்கள் சில நாளில் இப்படி அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள்: "காலையில உரம் போட்டோம், சாயங்காலம் மழை கொட்டிடுச்சு. போட்டதெல்லாம் ஆத்தோட போயிருக்குமே!"

நியாயமான கவலைதான். தண்ணீரில் கரைகிற உப்பு தண்ணீரோடு போகத்தானே செய்யும்? கொஞ்சம் போகவும் செய்கிறது. அதனால்தான் பெருமழைக்கு முன்னால் உரம் போடக்கூடாது என்கிறார்கள். ஆனால் எல்லாம் போய்விட்டால் செம்பனை எதைத் தின்று வளரும்? ஏதோ ஒன்று உரத்தின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அது என்ன? இந்தக் கேள்வியை 170 ஆண்டுகளுக்கும் முன்னால் இங்கிலாந்தில் சிலர் கேட்டார்கள். அவர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

சாணத் தொட்டியும் மண்ணும்

ஹக்ஸ்டபிள் என்ற பாதிரியார் விவசாயத்தில் ஆர்வம் உள்ளவர். மாட்டுக் கொட்டகையின் சாணத் தண்ணீரை மண் படுகையில் ஊற்றி வடிகட்டிப் பார்த்தார். கீழே வந்த தண்ணீரில் நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. யார்க்‌ஷயர் பகுதியில் ஹாரி ஸ்டீபன் தாம்சன் என்ற நிலக்கிழார் இருந்தார். அவர் 1845-ஆம் ஆண்டில், யார்க் நகரத்து மருந்துக் கடைக்காரர் ஜோசப் ஸ்பென்ஸ் என்பவரின் துணையோடு ஒரு சோதனை செய்தார். மண்ணை ஒரு குழாயில் நிரப்பி, அதன்மேல் அம்மோனியம் சல்பேட் கலந்து தண்ணீர் ஊற்றினார். அதுவும் நமக்குப் பழக்கமான உரம்தான். அடியில் வடிந்து வந்தது என்ன தெரியுமா? பெரும்பாலும் கால்சியம் சல்பேட்!

யோசித்துப் பாருங்கள். மேலே போனது அம்மோனியா, கீழே வந்தது சுண்ணாம்புச் சத்து. மண் அம்மோனியாவை வாங்கி வைத்துக்கொண்டு, தன்னிடமிருந்த சுண்ணாம்பைக் கொடுத்து அனுப்பிவிட்டது. பண்டமாற்று என்றால் இதுவல்லவா பண்டமாற்று!

தாம்சன் இதை அரச விவசாயக் கழகத்தின் இரசாயன ஆலோசகரான தாமஸ் வே என்பவரிடம் சொன்னார். வே 1850-லும் 1852-லும் வெளியிட்ட ஆய்வுகளில், மண்ணில் இந்த வேலையைச் செய்வது களிமண் பகுதியே என்று காட்டினார். மணல் செய்வதில்லை. களிமண்ணில் உள்ள அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்த பொருள்களே காரணம் என்றும் சொன்னார். இந்த மாற்றத்துக்கு இன்று 'அயனிப் பரிமாற்றம்' என்று பெயர். மின்னூட்டம் ஏறிய அணுவுக்குத்தான் அயனி என்று பெயர். ஒரு அயனி வெளியே வர, இன்னொரு அயனி அந்த இடத்தில் உட்காருவது அயனிப் பரிமாற்றம்.

கவனியுங்கள், மாணவர்களே! இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியவர்கள் ஒரு பாதிரியாரும் ஒரு நிலக்காரரும். சாண நாற்றம் எங்கே போனது என்று கேட்டதில்தான் இந்த விஞ்ஞானம் பிறந்தது என்றால் மிகையாகாது.

கொதிக்கும் கல்

இப்போது சுவீடன் நாட்டுக்குப் போவோம். காலம் இன்னும் முந்தியது. 1756-ஆம் ஆண்டில் குரோன்ஸ்டெட் என்ற கனிம ஆராய்ச்சியாளர் ஒரு கல்லை ஊதுகுழல் தீயில் காட்டினார். கல் நுரைத்துக் கொதிப்பது போல் பொங்கியது. அதற்குள் தங்கியிருந்த தண்ணீர் ஆவியாகி வெளியேறியதுதான் காரணம். கிரேக்க மொழியில் கொதி என்பதற்கும் கல் என்பதற்கும் உள்ள சொற்களைச் சேர்த்து அதற்கு 'ஜியோலைட்' என்று பெயர் வைத்தார். 'கொதிகல்' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

தாமஸ் வே கண்ட மண்ணையும் இந்தக் கொதிகல்லையும் இணைத்தவர் ஜெர்மானியரான ஐக்ஹார்ன். 1858-இல் அவர் சாபசைட் என்ற கொதிகல்லைப் பொடியாக்கி உப்புக் கரைசலில் போட்டார். கல்லுக்குள் இருந்த கால்சியம் வெளியே வந்தது; சோடியம் உள்ளே போனது. கரைசலை மாற்றினால் திரும்பவும் பழையபடி மாறியது. மண்ணில் நடந்த அதே பண்டமாற்று இங்கேயும் நடந்தது. சாபசைட் என்ற இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடியும் வரும்.

இந்தக் கல்லுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? 1930-இல் லைனஸ் பாலிங் போன்றவர்கள் எக்ஸ் கதிர் கொண்டு பார்த்துச் சொன்னார்கள். நம் லயன் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசை வரிசையாக ஒரே அளவு அறைகள், ஒரே அளவு வாசல்கள். கொதிகல்லின் உள்ளமைப்பும் அப்படித்தான். சுவர்கள் சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் அணுக்களால் ஆனவை. சிலிக்கான் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியம் இருந்தால் அங்கே ஒரு எதிர் மின்னூட்டம் மிஞ்சும். அதைச் சரிக்கட்ட ஒரு நேர் அயனி குடிவர வேண்டும். வீடு மாறாது, குடித்தனக்காரர் மட்டும் மாறுவார். ஒரு சோடியத்துக்கு ஒரு அலுமினிய இடம் போதும். இரண்டு மின்னூட்டம் உள்ள செம்பு வந்தால் அதற்கு இரண்டு இடம் தேவை.

இருபதாம் நூற்றாண்டில் கொதிகல்லைத் தொழிற்கூடத்திலேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1949-இல் அமெரிக்காவில் ராபர்ட் மில்டன், யூனியன் கார்பைட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இயற்கையில் காணாத வகைகளையே உண்டாக்கினார். பின்பு மோபில் நிறுவனத்தார் இசட்-எஸ்-எம்-5 என்ற வகையை உருவாக்கி 1972-இல் காப்புரிமை பெற்றார்கள்.

செம்பு எந்த நிலையில்?

இனிமேல்தான் கட்டுரையின் முக்கியமான இடம். செம்பு உப்பைக் கரைத்த நீலத் தண்ணீரில் இந்த வெள்ளைப் பொடியைப் போட்டுக் கலக்கினால், சோடியம் வெளியேறிச் செம்பு உள்ளே போகும். பொடி இளநீலமாகும். "செம்பு உள்ளே போய்விட்டது, வேலை முடிந்தது" என்று நினைப்போம். இல்லை! உள்ளே போன செம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதே பெரிய கேள்வி. அதற்கு விடை காண உலகத்து விஞ்ஞானிகளுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

நிலை என்றால் என்ன? வீட்டிலேயே பார்க்கலாம். செம்புக் குடம் சிவப்பு. புளி போட்டு விளக்காமல் விட்டால் பச்சைக் களிம்பு. கடையில் விற்கும் மயில்துத்தம் நீலம். மூன்றிலும் செம்புதான் இருக்கிறது. ஆனால் குடத்துச் செம்பில் தண்ணீர் குடிக்கலாம், மயில்துத்தம் விஷம். ஆக, செம்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

செம்பின் நிலையில் இரண்டு சங்கதி அடங்கியிருக்கிறது. முதலாவது, அது எத்தனை எலக்ட்ரானை இழந்திருக்கிறது என்பது. ஒன்றும் இழக்காவிட்டால் அது உலோகம். ஒன்றை இழந்தால் ஒற்றைச் செம்பு, இரண்டை இழந்தால் இரட்டைச் செம்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது, அதன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது. தண்ணீரா, அம்மோனியாவா, கல்லின் சுவரா, இன்னொரு செம்பா?

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். மயில்துத்தத்தைச் சூடாக்கினால் நீலம் மறைந்து வெள்ளையாகும். தண்ணீர் தெளித்தால் மறுபடி நீலம். (பிள்ளைகள் இதைத் தனியாகச் செய்யக்கூடாது. ஆசிரியர் முன்னிலையில்தான் பார்க்க வேண்டும்.) இங்கே செம்பு ஒரு எலக்ட்ரானைக்கூடக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பக்கத்தில் நின்ற தண்ணீர் மட்டும் போய் வந்தது. ஆனால் ஒற்றைச் செம்பும் பெரும்பாலும் நிறமில்லாமல்தான் இருக்கும். அப்படியானால் கொதிகல்லைச் சூடாக்கும்போது நீலம் மறைந்தால், தண்ணீர் போனதா, எலக்ட்ரான் வந்ததா? நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

செம்பு இப்படி ஒற்றைக்கும் இரட்டைக்கும் சுலபமாக மாறிக்கொண்டே இருக்கும். அதன் வலிமையும் இதுதான், தொல்லையும் இதுதான். தொல்லையைப் பால் மரம் வெட்டுகிறவர்கள் அறிவார்கள். ரப்பரில் செம்பு கலந்துவிட்டால் சீக்கிரமே பிசுபிசுத்துக் கெட்டுப்போகும். ஒற்றைக்கும் இரட்டைக்கும் மாறி மாறி, காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பரைத் தாக்கச் செம்பு வழி செய்துவிடுகிறது. அதனால்தான் ரப்பர் தொழிலில் செம்பு, பித்தளைச் சாமான்களைப் பாலுக்குப் பக்கத்தில் விடுவதில்லை. இதே குணத்தை நல்ல வேலைக்குத் திருப்பினால் என்ன?

பெரட்டில் பேர் கூப்பிட்ட கதை

1986-ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானி மசகாசு இவமோட்டோவும் அவருடைய குழுவினரும் அந்த வேலையைக் காட்டினார்கள். செம்பு ஏற்றிய இசட்-எஸ்-எம்-5, நைட்ரிக் ஆக்சைடு என்ற நச்சு வாயுவை நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் தொடர்ந்து உடைத்துப் போட்டது. இஞ்சின் புகையில் வருகிற நைட்ரஜன் ஆக்சைடுகள் நுரையீரலைக் கெடுப்பவை, அமில மழைக்கும் காரணமானவை. எனவே இந்தச் செய்தி எல்லோரையும் நிமிர்ந்து பார்க்க வைத்தது. கணக்குப்படி இரண்டு இடத்துக்கு ஒன்று என்று ஏற்றியதைவிட, அதற்கும் மேலே செம்பு ஏறிய பொடி இன்னும் நன்றாக வேலை செய்தது. கணக்கு எங்கே இடித்தது? வேலை செய்வது ஒற்றையா, இரட்டையா? தனியாளா, ஜோடியா? விவாதம் சூடு பிடித்தது.

செம்பை எண்ணுவதற்கு ஒரு கருவி இருந்தது. 1944-இல் கசான் நகரில் சாவோய்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி கண்டறிந்த எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு என்ற முறை. ஜோடி சேராத எலக்ட்ரான் எங்கே இருந்தாலும் இது காட்டிக்கொடுக்கும். இரட்டைச் செம்பில் அப்படி ஒரு எலக்ட்ரான் உண்டு. ஒற்றைச் செம்பில் இல்லை. செம்பு ஏற்றிய கொதிகல்லை வெற்றிடத்தில் சூடாக்கினால் இந்தக் கருவியில் சத்தம் குறைந்துகொண்டே போகும். "இரட்டை எல்லாம் ஒற்றையாக மாறிவிட்டது" என்றார்கள் ஒரு சாரார்.

ஆனால் காலைப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். பேர் கூப்பிடும்போது பதில் வரவில்லை. ஆள் வரவில்லையா, வந்தும் வாய் திறக்கவில்லையா? பதில் இல்லை என்பதை வைத்து ஆள் இல்லை என்று எழுதிவிட முடியுமா? இரண்டு இரட்டைச் செம்புகள் நடுவில் ஒரு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு ஜோடியாக நின்றால், இரண்டின் எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று அடக்கிவிடும். அப்போதும் இந்தக் கருவிக்குச் சத்தம் கேட்காது. ஆக, மௌனத்துக்கு இரண்டு அர்த்தம்!

அதனால் வேறு சாட்சிகளைத் தேடினார்கள். கார்பன் மோனாக்சைடு வாயு ஒற்றைச் செம்போடு இறுக்கமாக ஒட்டும், இரட்டையோடு அப்படி ஒட்டாது. அகச்சிவப்புக் கதிரால் பார்த்தால் அது ஒட்டியது தெரியும். எக்ஸ் கதிரை உட்கவரும் அளவைப் பார்த்தால், ஒற்றைச் செம்பு 8,983 எலக்ட்ரான் வோல்ட் அருகே தனி அடையாளம் காட்டும். இந்தச் சாட்சிகளின்படி வெற்றிடத்துச் சூட்டில் செம்பின் ஒரு பகுதி உண்மையாகவே ஒற்றையாகிவிடுகிறது என்று தெரிந்தது. ஜோடிகளும் இருப்பது வேறொரு வழியில் உறுதியானது. 2005-இல் பெல்ஜியத்தின் லூவேன் நகர ஆய்வாளர்கள், ஆக்சிஜனில் சூடாக்கிய செம்புக் கொதிகல் மீத்தேன் வாயுவை மெத்தனாலாக மாற்றுவதைக் காட்டினார்கள். அதைச் செய்வது நடுவில் ஒரே ஆக்சிஜனைப் பிடித்த செம்பு ஜோடி என்பது 2009-இல் தெளிவாயிற்று.

இதில் இன்னொரு பாடமும் கிடைத்தது. சில சோதனைகளில் பார்ப்பதற்காகப் பாய்ச்சிய எக்ஸ் கதிரே இரட்டைச் செம்பை ஒற்றையாக மாற்றிவிடும். பார்க்கப் போன இடத்தில் பார்க்கும் பொருளே மாறினால் எப்படி? ஆகவே, பொடியைத் தனியே எடுத்துப் பார்த்தால் போதாது, வேலை செய்துகொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

லோரியும் யூரியாவும்

இதற்கிடையே வாகனத்தில் ஒரு சிக்கல் வந்தது. இஞ்சின் புகையில் நீராவியும் உண்டு, கடும் சூடும் உண்டு. அந்தச் சூட்டில் இசட்-எஸ்-எம்-5 வகையின் சுவரிலிருந்து அலுமினியம் கழன்றது. இடம் இழந்த செம்பு ஒன்றுகூடிக் கறுப்பு ஆக்சைடாகக் கட்டி தட்டியது. செம்பு அங்கேயேதான் இருந்தது. நிலை கெட்டதால் வேலை நின்றது.

தீர்வு எங்கிருந்து வந்தது? சாபசைட்டிலிருந்து! 1858-இல் ஐக்ஹார்ன் உப்புக் கரைசலில் போட்ட அதே கல்லின் உள்ளமைப்பை, செவ்ரான் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டேசி ஸோன்ஸ் செயற்கையாக உண்டாக்கி 1985-இல் காப்புரிமை பெற்றிருந்தார். அதற்கு எஸ்-எஸ்-இசட்-13 என்று பெயர். அதன் வாசல்கள் சின்னவை, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் இருபத்தாறு லட்சத்தில் ஒரு பங்கு. அதில் செம்பை ஏற்றினால் நீராவிச் சூட்டையும் தாங்கிற்று. 2010-ஐ ஒட்டி டீசல் வாகனங்களில் புழக்கத்துக்கு வந்தது.

சில புது டீசல் லோரிகளில் எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட சின்னத் தொட்டி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஊற்றுவது என்ன தெரியுமா? யூரியாக் கரைசல்! நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். சூட்டில் யூரியா அம்மோனியாவாக மாறும். செம்பு இருக்கும் அறையில் அம்மோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடும் சந்தித்து, நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் வெளியே போகும். எல்லா லோரியிலும் இது கிடையாது. பழைய லோரிகளில் இல்லை. சிலவற்றில் வேறு வினையூக்கி இருக்கும். கந்தகம் மிகுந்த டீசலை ஊற்றினாலும் இந்தச் செம்பு முடங்கிப் போகும்.

கயிறு கட்டிய மாடு

சரி, அந்த அறைக்குள் செம்பு எந்த நிலையில் இருக்கிறது? வேலை செய்யும்போதே பார்த்தவர்கள் சொன்ன விடை எல்லோரையும் வியக்க வைத்தது. அம்மோனியாவோடு நைட்ரிக் ஆக்சைடு சேரும்போது இரட்டைச் செம்பு ஒற்றையாகிறது. ஆக்சிஜன் வந்ததும் ஒற்றை திரும்ப இரட்டையாகிறது. இந்தச் சுற்று ஓயாமல் நடக்கிறது. ஒற்றையா இரட்டையா என்று இத்தனை காலம் வாதாடியவர்களுக்கு, "இரண்டும்தான்" என்பதே விடை!

2017-இல் பாவ்லூச்சி முதலானவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். சுமார் 200 பாகை செல்சியஸ் சூட்டில், ஒற்றைச் செம்பு இரண்டு அம்மோனியாவை இரு பக்கமும் சேர்த்துக்கொண்டு சுவரை விட்டே நகர்ந்துவிடுகிறது. வாசல் வழியாக அடுத்த அறைக்கும் போகிறது. அங்கே இன்னொரு செம்பைச் சந்தித்து, இரண்டும் சேர்ந்துதான் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடிக்கின்றன. ஆனால் மனம் போன தூரம் போக முடியாது. சுவரிலுள்ள அலுமினியத்தின் மின்னூட்டம் அதை இழுத்துப் பிடித்திருக்கும். முளையில் கட்டிய மாட்டைப் போல, கயிறு நீளும் அளவுக்குத்தான் மேயலாம். பக்கத்தில் ஜோடி இல்லாத செம்பு சும்மா நிற்க வேண்டியதுதான். சூடு இன்னும் ஏறினால், அம்மோனியாவை விட்டுவிட்டு மறுபடி சுவரோரம் போய் ஒட்டிக்கொள்ளும்.

முடிவாக

பெற்றோர்களே! 1845-இல் ஒரு நிலக்காரர் மண்ணில் ஊற்றியதும் அம்மோனியாதான், இன்று லோரியில் செம்போடு சேர்ந்து புகையைச் சுத்தம் செய்வதும் அம்மோனியாதான். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சளைக்காமல் கேட்ட கேள்விகள். ரோட்டோரம் பஸ்ஸுக்கு நிற்கும் நம் பிள்ளைகளின் மூச்சுக்காற்று அந்தக் கேள்விகளால் கொஞ்சமாவது சுத்தமாகிறது.

வீட்டில் பிள்ளை, "உரம் ஏன்ப்பா மழையில போகல?" என்று கேட்டால், "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு" என்று விரட்டாதீர்கள். அது கேட்பதும் படிப்புதான். பதில் தெரியாவிட்டால் பள்ளிக்கு அனுப்பி வையுங்கள். சேர்ந்து தேடுவோம்.

மாணவச் செல்வங்களே! ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அது எந்த நிலையில் இருக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் வராத இடத்தில் ஆள் இல்லை என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைக்கும் இது பொருந்தும் என்பதை ஆசிரியர்களாகிய நாங்களும் மறக்கக்கூடாது.

பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். இந்த ஆண்டு பரிசு பெறாத பிள்ளைகளுக்கும் என் வாழ்த்துகள்.